மெசேஜிங் மென்பொருள் சோதனை: கூட்டுத்தொகை சரியாக வந்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நிரல் தரும் தகவலை வாங்கி இன்னொரு நிரலிடம் சேர்க்கும் காஃப்கா, ராபிட்எம்க்யூ போன்ற செய்திப் பரிமாற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழ் இதழ்களின் தொழில்நுட்பப் பக்கங்களில் எது வந்தாலும் விநாடிக்கு எத்தனை லட்சம் செய்தி தள்ளும் என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. நடுவழியில் ஒரு சர்வர் செத்தால் அந்த லட்சங்களில் எத்தனை மிஞ்சும், அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதெல்லாம் பேச்சிலேயே வருவதில்லை. சென்னையிலும் கோவையிலும் இதையே தொழிலாகச் செய்யும் வாசகர்கள் உங்களுக்கு நிறைய இருப்பார்கள். அதனால், ஒரு முறை எழுதிவிட்டுப் பல மென்பொருளுக்கும் பல பதிப்புக்கும் பயன்படுத்தக்கூடிய சோதனை ஃபிரேம்வொர்க் ஒன்றை எப்படி அமைப்பது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். ‘தெரியாது’ பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

வழக்கமாக நடப்பது இதுதான். ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் மூன்று சர்வர்களை எழுப்பும். 1,00,000 செய்திகளை அனுப்பும். நடுவில் ஒரு புரோக்கரை (செய்திகளை வாங்கி வைத்துக் கொடுக்கும் சர்வர் நிரலை) கொல்லும். 30 விநாடி தூங்கும். பிறகு மறுமுனையில் எத்தனை வந்தன என்று எண்ணும். இங்கே ஒரு லட்சம், அங்கே ஒரு லட்சம், பாஸ். ஒரு செய்தி தொலைந்து இன்னொரு செய்தி இரண்டு முறை வந்திருந்தாலும் கூட்டுத்தொகை அதே ஒரு லட்சம்தான். இந்த ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாது.

இன்னொரு சிக்கல், மென்பொருளின் பெயரும் உள்ளமைப்பும் ஸ்கிரிப்ட்டின் ஒவ்வொரு வரியிலும் ஒட்டிக்கொண்டிருப்பது. காஃப்கா 2025-ல் வந்த 4.0 பதிப்பில், தன் சர்வர்களை ஒருங்கிணைத்துவந்த ஜூகீப்பர் என்ற தனி மென்பொருளை அடியோடு எடுத்துவிட்டது, அந்த வேலைக்கு இனி காஃப்காவுக்குள்ளேயே இருக்கும் கேராஃப்ட் மட்டும்தான். ராபிட்எம்க்யூ 2024-ல் வந்த 4.0 பதிப்பில், செய்தி வரிசைகளைப் பல சர்வர்களில் பிரதியெடுத்த பழைய மிரர் கியூக்களை நீக்கிவிட்டது. பிரதி வேண்டுமென்றால் இனி குவோரம் கியூ அல்லது ஸ்ட்ரீம். ‘ஜூகீப்பரைக் கொன்று பார்’ என்று எழுதிவைத்த சோதனைகள் எல்லாம் ஒரே பதிப்பில் குப்பைக்குப் போயின. ஆனால் அந்தச் சோதனைகள் கேட்ட கேள்வி மாறவே இல்லை: ‘பெற்றுக்கொண்டேன்’ என்று சொன்ன செய்தியைப் பத்திரமாக வைத்திருந்தாயா? மறுபயன்பாட்டுக்கு உரியது அந்தக் கேள்விதான். சர்வரை எழுப்பும் ஸ்கிரிப்ட் எப்படியும் மாறும்.

ஆகவே ஃபிரேம்வொர்க்கை நான்கு துண்டாகப் பிரிக்க வேண்டும்: மென்பொருளோடு பேசும் அடாப்டர், செய்தி அனுப்பிப் பெறும் லோடு பகுதி, இடையூறு செய்யும் பகுதி, தீர்ப்பு சொல்லும் செக்கர். நான்கையும் இணைப்பது ஹிஸ்டரி என்ற ஒரே ஒரு பதிவுக் கோப்பு. கைல் கிங்ஸ்பரி 2013-ல் தொடங்கிய ஜெப்சன் இந்தப் பிரிவினையைத்தான் செய்தது. அதில் இடையூறு செய்யும் பகுதிக்கு ‘நெமெசிஸ்’ என்று பெயர். அந்த ஆண்டே அவர் காஃப்கா 0.8-இன் பீட்டா பதிப்பைச் சோதித்தார். காஃப்கா செய்திகளைப் பல சர்வர்களில் பிரதியாக வைக்கும்; எழுதுவதை முதலில் ஏற்கும் பிரதிதான் லீடர். பின்தங்கிய பிரதிகள் எல்லாம் கழன்று லீடர் தனியாளாக நின்றது. தனியாளாகவே செய்திகளுக்கு ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் போனது. பின்தங்கியிருந்த பிரதி ஒன்று புது லீடராயிற்று. ஒப்புதல் பெற்ற செய்திகளில் ஏறக்குறைய பாதி போயே போய்விட்டன. அப்படிப் பின்தங்கிய பிரதி லீடராக வருவதை இயல்பமைப்பிலேயே காஃப்கா தடுத்தது 2017-ல், 0.11 பதிப்பில்தான்.

செக்கருக்குக் காஃப்காவும் தெரியக்கூடாது, ராபிட்எம்க்யூவும் தெரியக்கூடாது. ஹிஸ்டரியை மட்டும் படித்துத் தீர்ப்பு சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியைக் காப்பாற்றினால் மற்றவை தானாக ஒழுங்குக்கு வரும். செக்கருக்குள் யாராவது ‘காஃப்காவாக இருந்தால் இப்படி’ என்று ஒரு வரி சேர்த்த அன்றே ஃபிரேம்வொர்க் மறுபடி ஸ்கிரிப்ட் குவியலாகிவிடும்.

அடாப்டருக்கு எட்டு வேலை போதும்: நிறுவு, தொடங்கு, ஒழுங்காக நிறுத்து, கொல், தரவை அழி, கியூவையோ டாபிக்கையோ (காஃப்காவில் செய்திகள் சேரும் இடம்) உருவாக்கு, இப்போது லீடர் யார் என்று சொல், சர்வரின் இயக்கக் குறிப்புகளைச் சேகரி. ஒன்பதாவது ஒன்று தேவைப்பட்டால் அது உண்மையிலேயே எல்லா மென்பொருளுக்கும் பொதுவானதா என்று ஒரு நாள் யோசித்துவிட்டுச் சேருங்கள்.

கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் சர்வர்களின் கூட்டம்) எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். மூன்று நோடு, அதாவது மூன்று சர்வர். டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் கசாண்ட்ரா, எச்பேஸ், எச்டிஎஃப்எஸ், மேப்ரெட்யூஸ், ரெடிஸ் ஆகிய, பல சர்வர்களில் பரவி ஓடும் ஐந்து மென்பொருள்களிலும் பயனர்கள் புகார் செய்த 198 பழுதுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 98 விழுக்காடு மூன்று நோடுகளுக்குள்ளேயே வரவழைக்கக் கூடியவை. காஃப்கா என்றால் மூன்று புரோக்கர், மூன்று பிரதி, குறைந்தபட்ச ஒத்திசைவுப் பிரதி (செய்தியை ஏற்க, லீடரோடு சேர்த்து எத்தனை பிரதி ஒத்திசைவில் இருக்க வேண்டும் என்ற எண்) 2. அந்தக் கடைசி எண் இயல்பாக 1 என்பதை மறந்துவிடுகிறார்கள். அதை மாற்றாமல் ‘எல்லாப் பிரதியும் ஒப்புக்கொள்ளட்டும்’ என்று புரொடியூசரில் (செய்தி அனுப்பும் நிரலில்) வைத்தாலும், மற்ற இரண்டும் கழன்ற நிலையில் ‘எல்லாம்’ என்பது ஒரே ஒரு பிரதிதான். ஒரு புரோக்கருக்கு இயல்பு ஹீப் நினைவகம் 1 ஜிபி. 8 ஜிபி மடிக்கணினியிலேயே மூன்றும் ஓடும்.

இனி ஹிஸ்டரி. அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் உடலிலும் மூன்று எண் இருக்க வேண்டும்: ஓட்ட எண், அனுப்புநர் எண், அந்த அனுப்புநரின் வரிசை எண். ஓட்ட எண்ணை விட்டுவிட்டால் நேற்றைய ஓட்டத்தில் கியூவில் தங்கிய செய்தி இன்று வந்து ‘அனுப்பாத செய்தி வந்தது’ என்று பீதி கிளப்பும். அனுப்பத் தொடங்கும்போது ஒரு வரி, விடை வந்ததும் ஒரு வரி, பெறும்போது ஒரு வரி எழுதுங்கள். பார்வைக்கு இப்படி இருக்கும் (பார்ட்டிஷன் என்பது டாபிக்கின் ஒரு துண்டு, ஆஃப்செட் என்பது அந்தத் துண்டில் செய்தி இருக்கும் இடத்தின் எண்):

61.204 — அனுப்புநர் 3 — வரிசை 1807 — தொடக்கம்
61.350 — இடையூறு — நோடு 1, நோடு 2 இடையே துண்டிப்பு
76.210 — அனுப்புநர் 3 — வரிசை 1807 — தெரியாது
118.033 — பெறுநர் 1 — அனுப்புநர் 3, வரிசை 1807 — பார்ட்டிஷன் 2, ஆஃப்செட் 5522

நேரம் சுவர்க் கடிகாரத்திலிருந்து வரக்கூடாது. ஓட்டம் தொடங்கியதிலிருந்து எத்தனை விநாடி என்று மட்டும் எண்ணும், பின்னோக்கிப் போகாத கடிகாரத்திலிருந்து வர வேண்டும். எல்லா வரியும் லோடு இயந்திரம் ஒன்றிலேயே பதிவாக வேண்டும். நோடுகளின் கடிகாரத்தையே குழப்பப்போகிறோம்; அவற்றின் நேரத்தை நம்பி எதை முன், எதைப் பின் என்று சொல்வது?

மேலே மூன்றாவது வரியில் உள்ள ‘தெரியாது’தான் முழு விஷயமும். அனுப்பிய செய்திக்கு மூன்று விடை உண்டு: ஒப்புதல் வந்தது, மறுப்பு வந்தது, இரண்டுமே வரவில்லை. மூன்றாவதைப் பெரும்பாலோர் மறுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை திரும்பி வரவில்லை என்பதற்காகக் கடிதம் போய்ச்சேரவில்லை என்று சொல்லிவிட முடியுமா? டைம்அவுட் ஆன செய்தி உள்ளே போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். பிறகு வந்தாலும் தவறில்லை, வராவிட்டாலும் தவறில்லை. அதை மறுப்பாக எழுதிவிட்டால் பின்னால் அது வந்து சேரும்போது செக்கர் பொய்க் குற்றம் சாட்டும். இரண்டு முறை அப்படி நடந்தால் டெவலப்பர்கள் உங்கள் ரிப்போர்ட்டைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். ஒப்புதலாக எழுதிவிட்டால் இல்லாத இழப்பைத் தேடி ஒரு வாரம் போகும்.

எந்தப் பிழை எந்தக் கூடையில் விழும் என்பது அடாப்டர் எழுதுபவரின் பொறுப்பு. இங்கேதான் ஆவணத்தை வரி வரியாகப் படிக்க வேண்டியிருக்கும். காஃப்காவில் செய்தி அளவு மிகப் பெரிது என்ற பிழை வந்தால் அது உறுதியான மறுப்பு. ‘போதிய பிரதிகள் இல்லை’ என்ற பிழை எழுதுவதற்கு முன்பே வருவது, அதுவும் மறுப்பு. ஆனால் கிட்டத்தட்ட அதே பெயரில், ‘சேர்த்த பிறகு போதிய பிரதிகள் இல்லை’ என்று இன்னொரு பிழை இருக்கிறது. அது வந்தால் செய்தி ஏற்கெனவே லீடரின் லாகில் (செய்திகளை வரிசையாக எழுதிவைக்கும் கோப்பில்) ஏறியிருக்கிறது என்று பொருள், ஆகவே ‘தெரியாது’. இரண்டையும் ஒரே கூடையில் போட்ட ஃபிரேம்வொர்க் தவறான தீர்ப்பு சொல்லியே தீரும். இன்னொரு நுணுக்கம்: லைப்ரரி தானாக ரீட்ரை செய்யும்போது கடைசிப் பிழை மட்டுமே உங்கள் கைக்கு வரும். முதல் முயற்சி டைம்அவுட் ஆகி உள்ளே போயிருக்க, இரண்டாவது முயற்சி உறுதியான மறுப்பு வாங்கியிருக்கலாம். ஆகவே ரீட்ரை செய்யத்தக்க பிழைகள் அனைத்தையும், ரீட்ரை இயக்கத்தில் இருக்கும்வரை, ‘தெரியாது’ என்றே எழுதுவது பத்திரம். காஃப்கா புரொடியூசர் ஒரு செய்திக்காக இயல்பாக 2 நிமிடம்வரை முயலும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 60 விநாடி சோதனை ஓட்டி உடனே மூடினால் விடை தெரியாத செய்திகள் கை நிறைய மிஞ்சும்.

ராபிட்எம்க்யூவில் பொறி வேறிடத்தில். செய்தி கிடைத்தது என்று புரோக்கர் ஒப்புதல் அனுப்பும் பப்ளிஷர் கன்ஃபர்ம் வசதியை இயக்காமல் சோதிப்பதில் அர்த்தமே இல்லை. ஒப்புதலே வராது, எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது? அதை இயக்கினாலும், எந்தக் கியூவிலும் பிணைக்கப்படாத எக்ஸ்சேஞ்சுக்கு (செய்தியை வாங்கிக் கியூக்களுக்குப் பிரித்துவிடும் பகுதி) அனுப்பிய செய்திக்கும் புரோக்கர் ஒப்புதல் கொடுத்துவிடும்! செய்தி எங்கும் போகவில்லை. ஆனால் போகும் இடமில்லை என்பதைப் புரோக்கர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டதல்லவா, அதற்குத்தான் அந்த ஒப்புதல். ‘மேண்டேட்டரி’ குறியை வைத்து அனுப்பினால் ஒப்புதலுக்கு முன்னால் செய்தி திரும்பி வரும். அப்படித் திரும்பியதை மறுப்பாக எழுதுங்கள்.

பெறும் பக்கம் இவ்வளவு சிக்கல் இல்லை. இருந்தாலும் சில இடங்களில் கவனம் வேண்டும். காஃப்காவில் புதிய கன்சூமர் குரூப் (சேர்ந்து படிக்கும் பெறுநர்களின் குழு) இயல்பாக ‘இனி வருவது முதல்’ படிக்கும். புரொடியூசர் முந்திக்கொண்டால் தொடக்கத்துச் செய்திகள் எல்லாம் தொலைந்ததாகத் தோன்றும். முதலிலிருந்து படிக்கச் சொல்லி வையுங்கள். சோதனை டாபிக்குக்குச் செய்திகளை அழிக்கும் கால வரம்பே வேண்டாம். ராபிட்எம்க்யூ கியூவில் ஒப்புக்கொண்ட செய்தி அழிந்துவிடும், திரும்பப் படிக்க முடியாது. ஆகவே பெற்ற வரியை முதலில் கோப்பில் எழுதி, பிறகுதான் புரோக்கருக்கு ஒப்புதல் அனுப்ப வேண்டும். வரிசையைத் திருப்பிவிட்டு நடுவில் சோதனை நிரல் செத்தால், தொலைத்தது நீங்கள், பழி மென்பொருளுக்கு.

செக்கரின் கணக்கு, ஒரு கணத்திலிருந்து (செட்) இன்னொரு கணத்தைக் கழிப்பதுதான். ஒப்புதல் பெற்றவற்றில் வராதவை இழப்பு. முயற்சியே செய்யாதது வந்தால் பேய்ச் செய்தி. இரட்டிப்பை மட்டும் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே ஆஃப்செட் இரண்டு முறை வந்தால் கன்சூமர் பின்னால் போய் மறுபடி படித்திருக்கிறது. குறைந்தது ஒரு முறை என்ற உறுதிமொழியில் அது அனுமதிக்கப்பட்டதுதான். ஒரே வரிசை எண் இரண்டு வெவ்வேறு ஆஃப்செட்டில் இருந்தால் லாகிலேயே இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது; திரும்ப அனுப்பினாலும் ஒரு முறைக்கு மேல் எழுதாமல் தடுக்கும் ஐடெம்பொடன்ஸ் இயக்கத்தில் இருந்தும் இப்படி ஆனால் அது பக். வரிசை மாற்றத்தை அனுப்புநர், பார்ட்டிஷன் என்ற சோடிக்குள் மட்டும், அதுவும் ஒவ்வொரு செய்தியும் முதன்முதலில் தோன்றிய இடத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஆஃப்செட் எண்களில் இடைவெளி இருந்தால் இழப்பு என்று முடிவு கட்டாதீர்கள். டிரான்ஸாக்‌ஷன் முடிவுக் குறிகளும் ஆஃப்செட் எடுத்துக்கொள்ளும். காம்பாக்‌ஷனும் (ஒரே சாவியில் வந்த பழைய செய்திகளை நீக்குவது) ஓட்டை விடும்.

இடையூறு செய்யும் பகுதிக்கு வருகிறேன். புரோக்கரைக் கொல்வது எளிது என்பதால் எல்லோரும் அதையே செய்கிறார்கள். உறையவைப்பது அதைவிடப் பலன் தரும். சிக்ஸ்டாப் சிக்னல் அனுப்பினால் புரோசஸ் நின்றுவிடும், ஆனால் அதன் டிசிபி நெட்வொர்க் இணைப்புகளை இயங்குதளத்தின் மையமான கெர்னல் உயிரோடு வைத்திருக்கும். கிளையன்ட் இணைந்துவிடும், விடை மட்டும் வராது. மீண்டும் எழுப்பும்போது, தான் இன்னும் லீடர்தான் என்ற நினைப்பிலேயே பழைய லீடர் எழும். அந்தச் சில நொடிகளில் அது எதற்கும் ஒப்புதல் கொடுக்காமல் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

எவ்வளவு நேரம் உறையவைப்பது? கைக்கு வந்த எண்ணைப் போடக்கூடாது. மென்பொருளின் டைம்அவுட்டிலிருந்து கணக்கிட வேண்டும். கேராஃப்ட் காஃப்காவில் கன்ட்ரோலர் (கிளஸ்டரை நிர்வகிக்கும் பகுதி) ஒரு புரோக்கரை விலக்கி வைக்க இயல்பாக 9 விநாடி. கன்சூமர் குரூப் உறுப்பினரை நீக்க 45 விநாடி. கன்ட்ரோலருடன் தொடர்பு இருந்துகொண்டே லீடருடன் மட்டும் தொடர்பு அறுந்த பிரதியைக் கழற்ற 30 விநாடி. ராபிட்எம்க்யூவில் நோடுகள் ஒன்றை ஒன்று இழந்துவிட்டதாக முடிவுகட்டும் நெட் டிக் நேரம் இயல்பாக 60 விநாடி. எனவே எங்கும் 20 விநாடி என்று வைத்தால் ஓரிடத்தில் அதிகம், மூன்றிடத்தில் ஒன்றுமே நடக்காது. ஒவ்வொரு டைம்அவுட்டுக்கும் அதில் பாதி, ஒன்றரை மடங்கு என இரண்டு அளவில் ஓட்டுங்கள். இந்த எண்களை அடாப்டர்தான் சொல்ல வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

நெட்வொர்க்கைத் துண்டிக்க லினக்ஸின் நெட்வொர்க் வடிகட்டியான ஐபிடேபிள்ஸ் போதும். ஆனால் ‘டிராப்’ வேறு, ‘ரிஜெக்ட்’ வேறு. ரிஜெக்டில் எதிர்முனைக்கு உடனே மறுப்பு தெரிந்துவிடும், டிராப்பில் அமைதி. பக் பெரும்பாலும் அமைதியில்தான் ஒளிந்திருக்கும். விதியைப் பட்டியலின் கடைசியில் சேர்க்காதீர்கள். ‘ஏற்கெனவே நிறுவப்பட்ட இணைப்பை அனுமதி’ என்ற விதி மேலே இருந்தால் பழைய இணைப்புகள் அறாமலே ஓடும். நீங்கள் துண்டித்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பட்டியலின் தலையில் நுழையுங்கள். சோதனைக்கென்று தனிச் சங்கிலி ஒன்று வைத்து, முடிந்ததும் அதை மட்டும் காலி செய்யுங்கள். எல்லா விதியையும் ஒரேயடியாக அழித்தால் கன்டெய்னர்களை (ஒரே கணினியில் தனித்தனிப் பெட்டிபோல் ஓடும் நிரல்களை) இயக்கும் டாக்கர் தனக்காகப் போட்டுவைத்த விதிகளும் சேர்ந்து போய்விடும். பிறகு கன்டெய்னர் ஏன் வெளியே பேசவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். இரு திசையும் துண்டிப்பது, ஒரு திசை மட்டும் துண்டிப்பது, இரண்டு நோடு தங்களுக்குள் பேசாமல் மூன்றாவதோடு மட்டும் பேசுவது ஆகிய மூன்று வடிவமும் வேண்டும். மூன்றாவது வடிவம்தான் அதிகம் பிடித்துக் கொடுக்கும். பாக்கெட் இழப்பு 1 விழுக்காடு என்று வைத்துச் சோதிப்பதில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. டிசிபி அதைச் சரிசெய்துவிடும், வேகம் குறைவதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

ஷாப்பிஃபையின் டாக்ஸிபிராக்ஸி என்ற இடைத்தரகு நிரலை நடுவில் வைத்துத் தாமதத்தைப் புகுத்துபவர்கள் காஃப்காவில் தவறாமல் ஒரு பள்ளத்தில் விழுகிறார்கள். கிளையன்ட் முதலில் பிராக்ஸி வழியாகத்தான் நுழையும். ஆனால் புரோக்கர் அதற்குத் தரும் மெட்டாடேட்டாவில் தன்னுடைய சொந்த முகவரியைச் சொல்லும். அடுத்த இணைப்பு முதல் கிளையன்ட் பிராக்ஸியைத் தாண்டி நேரே போய்விடும். நீங்கள் 5 விநாடி தாமதம் வைத்திருப்பீர்கள், சோதனை சிட்டாய்ப் பறந்து பச்சை காட்டும். ஒவ்வொரு புரோக்கருக்கும் தனித்தனி பிராக்ஸி வைத்து, புரோக்கர் வெளியே அறிவிக்கும் முகவரியாக அந்தப் பிராக்ஸியின் முகவரியையே தர வேண்டும்.

இதிலிருந்து ஒரு பொதுவிதி: இடையூறு செய்ததும் அது உண்மையிலேயே நடந்ததா என்று சரிபார்த்து, அதையும் ஹிஸ்டரியில் எழுதுங்கள். துண்டித்ததும் ஒரு நோடிலிருந்து இன்னொரு நோடின் போர்ட்டைத் தொட்டுப் பாருங்கள். தொட முடிந்தால் ஓட்டத்தையே செல்லாது என்று அறிவியுங்கள். லீடரைக் கொல்லும் சோதனையில் லீடர் மாறவே இல்லை என்றால் பாஸ் போடக்கூடாது. பாஸ், ஃபெயில் தவிர ‘செல்லாது’ என்ற மூன்றாவது தீர்ப்பு இல்லாத ஃபிரேம்வொர்க்கை நம்பாதீர்கள்.

கொல்வதைப் பற்றி இன்னொன்று. கில் மைனஸ் 9 (புரோசஸை உடனே கொல்லும் லினக்ஸ் கட்டளை) போட்டுத் தரவு பிழைத்தது என்பதால் மின்தடையிலும் பிழைக்கும் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுகிறார்கள். புரோசஸ் செத்தாலும், அது எழுதியவை கெர்னலின் நினைவகத்தில் இருக்கும். சாவகாசமாக டிஸ்க்குக்குப் போய்ச் சேரும். காஃப்கா இயல்பாக ஒவ்வொரு செய்தியையும் டிஸ்க்கில் கட்டாயமாக எழுதச் சொல்வதில்லை, பிரதிகளை நம்பியிருக்கிறது. மூன்று நோடும் ஒரே மின்வழியில் தொங்கினால் கதை வேறு. அதைச் சோதிக்க, கட்டாயமாக எழுதப்படாத தரவைக் கட்டளையிட்டால் தூக்கி எறியும் லேஸிஎஃப்எஸ் போன்ற கோப்பு முறைமையின் மேல் மென்பொருளை ஓட்ட வேண்டும். அல்லது மெய்நிகர் கணினியையே பிளக்கைப் பிடுங்குவதுபோல் நிறுத்த வேண்டும். கன்டெய்னரை நிறுத்துவது இதற்கு ஈடாகாது. கெர்னல் அதே கெர்னல்தான். கடிகாரத்தை மாற்றும் சோதனைக்கும் கன்டெய்னர் ஒத்துவராது, மூன்றுக்கும் ஒரே கடிகாரம்.

தூக்கத்தைப் பற்றி முன்பே சொன்னேன். 30 விநாடி தூங்கு என்ற வரி எங்கிருந்தாலும் அதை ‘இந்த நிலை வரும்வரை காத்திரு, அதிகபட்சம் இவ்வளவு’ என்று மாற்றுங்கள். இடையூறு நீங்கியபின் எல்லாப் பார்ட்டிஷனுக்கும் லீடர் வந்து, பிரதிகள் மூன்றும் ஒத்திசையும்வரை காத்திருந்து, பிறகு கடைசி ஆஃப்செட் எது என்று கேட்டு அதுவரை படிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படிப்பைக் கன்சூமர் குரூப் வழியாகச் செய்யாமல் பார்ட்டிஷன்களை நேரடியாக எடுத்து முதலிலிருந்து படியுங்கள். குரூப்பின் கோளாறும் லாகின் கோளாறும் தனித்தனியாகத் தெரியும். 5 நிமிடத்துக்குள் கிளஸ்டர் மீளவில்லை என்றால் அதுவே ஒரு ஃபெயில்.

ஃபிரேம்வொர்க்கைச் சோதிப்பது எப்படி? இதை யாரும் செய்வதில்லை, எனவே அழுத்திச் சொல்கிறேன். முதலில், நல்ல ஹிஸ்டரி ஒன்றை எடுத்து ஒரு பெறுதல் வரியை நீக்குங்கள். வேறொன்றில் ஆஃப்செட்டை மாற்றி ஒரு வரியை இரட்டியுங்கள். இன்னொன்றில் இரண்டு ஆஃப்செட்டை இடம் மாற்றுங்கள். மூன்றிலும் செக்கர் அதற்குரிய குற்றத்தைச் சரியாகப் பெயர் சொல்லிச் சிவப்பு காட்ட வேண்டும். அடுத்து, இழப்பு வரும் என்று தெரிந்த அமைப்பில் ஓட்டுங்கள்: காஃப்காவில் லீடர் மட்டும் ஒப்புக்கொண்டால் போதும் என்று வைத்து, பின்தங்கிய பிரதி லீடராகலாம் என்று அனுமதித்து, லீடரை மற்ற இரண்டிலிருந்தும் துண்டித்துவிட்டு, சற்று எழுதவிட்டுக் கொல்லுங்கள். இழப்பு வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஓரிடத்தில் உங்கள் இடையூறு வேலை செய்யவில்லை. இந்தக் ‘கெட்ட’ ஓட்டம் ஒவ்வோர் இரவும் நடக்க வேண்டும். அது பச்சையானால் மற்றப் பச்சைகளுக்கு மதிப்பில்லை.

எந்த நேரத்தில் எந்த இடையூறு என்பதை ரேண்டம் எண்ணால் தீர்மானிக்கும்போது அதன் விதை எண்ணை ஹிஸ்டரியின் முதல் வரியில் எழுதுங்கள், மென்பொருள் பதிப்பு, அமைப்புகள் எல்லாவற்றோடும். விதை எண் இருந்தால் அதே பழுது அப்படியே திரும்ப வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இடையூறுகளின் வரிசை திரும்பும், த்ரெட்டுகளின் ஓட்டம் திரும்பாது. ஃபவுண்டேஷன்டிபி என்ற தரவுத்தளம் போல, முழு மென்பொருளையும் தொடக்கத்திலிருந்தே சிமுலேஷனுக்குள் ஓடும்படி எழுதியவர்களுக்குத்தான் அந்தப் பாக்கியம். நமக்கு, ஒரே விதையில் 20 முறை ஓட்டி எத்தனை முறை விழுகிறது என்று சொல்வதே நேர்மை. பச்சை வரும்வரை தானாகத் திரும்ப ஓட்டும் வசதி சிஐ கருவிகளில் (கோடு மாறும்போதெல்லாம் சோதனையைத் தானாக ஓட்டுபவை) இருக்கும். இந்த வகைச் சோதனைக்கு அதை அணைத்துவிடுங்கள். பத்தில் ஒரு முறை செய்தி தொலைப்பதைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. காஃப்கா குழுவினர் தங்கள் சிஸ்டம் சோதனைகளுக்குப் பைத்தானில் எழுதப்பட்ட டக்டேப் என்ற சோதனைக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். பைத்தான் தெரிந்த அணிக்கு அதுவே நல்ல தொடக்கம். காஃப்காவோடு வரும் வெரிஃபையபிள் புரொடியூசர், ஒவ்வொரு செய்திக்கும் கிடைத்த விடையை ஜேசன் வரியாக வெளியே எழுதும். ஹிஸ்டரிக்குப் பாதி வேலை முடிந்தது. ஜெப்சன் வலிமையானது, ஆனால் குளோஜர் மொழி கற்க வேண்டும். கன்டெய்னரில் மென்பொருளை எழுப்பித்தரும் டெஸ்ட்கன்டெய்னர்ஸ், டெவலப்பரின் கணினியில் ஓடும் சிறு சோதனைக்குப் போதும். துண்டிப்புச் சோதனைக்கு அதை இழுத்து நீட்டுவது வீண் வேலை. கோடு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மூன்று கன்டெய்னரில் 5 நிமிடம், இரவில் மூன்று மெய்நிகர் கணினியில் எல்லா இடையூறும், வாரம் ஒரு முறை 8 மணி நேர ஓட்டம் என்று பிரித்தால் செலவும் கைக்குள் நிற்கும்.

கடைசியாக ஹிஸ்டரி கோப்புகள். செய்தி ஒன்றுக்கு மூன்று வரி, வரிக்கு 100 பைட் என்றாலும் 10 லட்சம் செய்திக்கு 300 எம்பிதான். சுருக்கினால் இன்னும் குறையும். ஃபெயில் ஆன ஓட்டத்தின் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு பாஸ் ஆனவற்றை அழிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இரண்டையும் குறைந்தது ஓராண்டு வையுங்கள். செக்கர் தனித் துண்டாக இருப்பதால், நாளை புதிதாக ஒரு விதி எழுதினால் கிளஸ்டரையே எழுப்பாமல் பழைய கோப்புகள் எல்லாவற்றின் மேலும் அதை ஓட்டிப் பார்க்கலாம். போன ஆண்டு பாஸ் என்று கையெழுத்திட்ட பதிப்புகளில் சில அப்போது சிவப்பாக மாறும். எந்தப் பதிப்பிலிருந்து பழுது தொடங்கியது என்பதும் அதே அட்டவணையில் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனைப் பொறியாளர்,
சென்னை